மாஸ்க் விழுந்தால் முதலில் யாருக்கு?

விமானத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, யாரும் பார்க்காத ஒரு கூத்தை ஆடிக் காட்டிச் சம்பளம் வாங்கியவள் நான். இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் இப்போது அதே கூத்துக்குத்தான் வேஷம் கட்டியிருக்கிறீர்கள். கதவு சாத்தியதும் நடுப்பாதையில் நின்று பெல்ட்டை மாட்டிக் காட்ட வேண்டும், கழற்றிக் காட்ட வேண்டும், இரண்டு கையையும் நீட்டி வெளியேறும் வழியைக் காட்ட வேண்டும். மாஸ்க்கை மூக்குக்கு நேராகப் பிடிக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாட்டி விசிலைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஊதிவிடாதீர்கள், உங்களுக்கு முன்னால் அதில் யார் யார் வாய் வைத்தார்களோ தெரியாது. இத்தனையும் நடக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் போனில் இருப்பார்கள், மீதிப் பேர் தூங்குவதுபோல நடிப்பார்கள்.

பாப்பாரப்பட்டியில் என் சொந்தக்காரர்கள் என்னை 'பிளேன் கண்டக்டர்' என்றுதான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டுக் கோபப்பட்டிருக்கிறேன். பிறகு யோசித்துப் பார்த்தால் கண்டக்டர் எவ்வளவோ மேல். அவர் உள்ளே போ என்றால் ஆள் உள்ளே போகிறான். நான் தயவுசெய்து, ப்ளீஸ் என்று இரண்டு மொழியில் கெஞ்சினாலும் சாய்த்த சீட்டை நிமிர்த்த மாட்டான். தொப்பூர்க் கணவாயில் பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்த ஆளிடம் போய், நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் பெல்ட் போடச் சொன்னால் அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தானே செய்வான்.

இப்போது கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் வீடியோ எடுத்துவிட்டார்கள். போன மாதம் பயணியாகப் போனபோது ஒன்றைப் பார்த்தேன். பட்டுச் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக ஆடிக்கொண்டே பெல்ட் மாட்டினார்கள், ஒருவர் மத்தளம் வாசித்துக்கொண்டே அவசர வழியைக் காட்டினார். பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்தார். முடிந்ததும் அவரிடம், உங்களுக்குப் பக்கத்துக் கதவு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக ஆடிய பெண்ணின் சேலை என்ன நிறம் என்று தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்று தருமபுரிக்கு வந்த பிறகு என்னை ஒரு பயிற்சி நிலையத்தில் பேசக் கூப்பிட்டார்கள். உங்களில் சிலர் அங்கேதான் படித்தீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், பிரியாணிக் கடைக்கு மேலே, மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதைத்தான் விமானம் என்றீர்கள். பழைய ஆம்னி வேனில் இருந்து கழற்றிய பெல்ட் ஒன்று, மெடிக்கல் கடையில் வாங்கிய, ஆஸ்துமாக்காரர்களுக்கு வைக்கும் மாஸ்க் ஒன்று. புகை வந்தால் என்ன செய்வது என்று நான் ஆரம்பித்தபோது கீழே கடையில் பிரியாணிக்குத் தம் உடைத்தார்கள், மாடி முழுக்கப் புகை ஏறியது, செய்முறைக்கு அதுவும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் நிலையத்தின் முதலாளி ஓடிவந்து, பாதுகாப்பு எல்லாம் கம்பெனியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் மேடம், நீங்கள் பர்சனாலிட்டி பற்றிப் பேசுங்கள் என்றார். அன்று முழுக்க உதட்டுச் சாயத்தைப் பற்றியும் கொண்டை போடுவதைப் பற்றியும் பேசிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அங்கே பேச விடாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூத்த அம்மா. பெயர் வேண்டாம், போட்டால் போன் செய்து திட்டுவார். சேர்ந்த புதிதில் அவரிடம் போய், யாருமே பார்க்கவில்லை அம்மா, எதற்காக இதைச் செய்கிறோம் என்று மூக்கைச் சிந்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவங்க உன்னைப் பார்க்கணும்னு யாருடி சொன்னது? நீ அவங்களைப் பார்க்கத்தான் அங்க நிக்கிற. எவன் முதல்ல ஓடுவான், எவ உறைஞ்சு போயிடுவா, எவன் பெட்டியை விடமாட்டான்னு பார்த்து வை."

அன்றிலிருந்து பெல்ட்டை மாட்டிக் காட்டும் நேரத்தில் என் கண் எதிரே இருக்கும் முகங்களில் மேய ஆரம்பித்தது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அதுதான். மற்றதெல்லாம் கொண்டை ஊசி.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் டில்லியில் இருந்து பெங்களூருக்கு வந்த விமானத்தில் நடந்தது.

விதைக் கம்பெனி ஒன்று, பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி விவசாயிகளை டில்லிக்கு விவசாயக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப் போயிருந்தது. கம்பெனி விதையை நிறைய வாங்கியவர்களுக்குப் பரிசு அது, மனைவி பிள்ளைகளோடு போகலாம். எல்லார் தலையிலும் தக்காளிப் படம் போட்ட சிவப்புத் தொப்பி. விமானத்தின் பின்பாதி முழுக்க ஒரே தக்காளி மண்டியாக இருந்தது. இவர்களுக்கு மேய்ப்பராகக் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நம் ஊர் ஆள்தான், இருந்தாலும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். இவர்களுக்கு ஒன்றும் புரியாது மேடம், நீங்கள் சிரமப்படாதீர்கள், அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான் என்று நான் போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டு, அதையே அவர்களிடமும் சத்தமாகத் தமிழில் சொன்னார். எங்கள் வேலையை இவ்வளவு சுருக்கமாகக் கெடுத்தவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் சக்திவேல் என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கையை வீசிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் அவர் மனைவி மாதேஸ்வரி, இடுப்பில் நான்கு வயது மகள், தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் டில்லியில் வாங்கிய அட்டைப் பெட்டி. அவர் கால் நீட்ட வசதியாக நடைபாதை ஓர சீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, காலி டம்ளரை மனைவியிடம் நீட்டினார். அவள் அப்போதும் பைகளோடு நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் பைகளை மேலே ஏற்றி வைத்து, நடைபாதைக்கு இந்தப் பக்கம், கணவருக்கு நேர் எதிரே, அவளை உட்கார வைத்தேன். மகளுக்கு நடு சீட்டு. ஜன்னலோரம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர், அவர் இந்த உலகத்திலேயே இல்லை.

கூத்து ஆரம்பித்தது. முன்னால் ஒரு பெண் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாசிக்க, நான் தொப்பிகளுக்கு நடுவே நின்று மாட்டிக் காட்டினேன். வழக்கம்போல முகங்களை மேய்ந்தேன். அதிகாரி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். சக்திவேல் கண்ணை மூடியிருந்தார். அத்தனை பேரில் ஒரே ஒரு முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதேஸ்வரி. வேலை பார்த்த காலத்தில் என்னை அப்படிக் கண் கொட்டாமல் பார்த்த பயணி வேறு யாரும் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் அவள் முகம் சுளித்திருந்தது. முடித்துவிட்டுப் பெல்ட் சரிபார்க்க அவள் பக்கம் வந்தபோது, முன்சீட்டுப் பையில் இருந்த படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, இது அச்சுல தப்பாப் போட்டிருக்காங்க பாருங்க. இந்தப் பொம்பள மொதல்ல தான் மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறா, புள்ள அப்படியே கெடக்குது. வரிசை மாறிப் போச்சு."

அந்த அட்டையை அச்சடிப்பதற்கு எத்தனை நிபுணர்கள் எத்தனை நாட்டில் கூடிப் பேசியிருப்பார்கள். மொழி தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றுதான் எழுத்தே இல்லாமல் படம் போட்டார்கள். அதை ஒருத்தி முழுக்கப் புரிந்துகொண்டாள், புரிந்துகொண்டதால் தப்பு என்றும் சொல்லிவிட்டாள்.

நான் தமிழில் பதில் சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம். நம்ம ஊரா என்று கேட்டாள். பாப்பாரப்பட்டி என்றேன். பாப்பாரப்பட்டியில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்பது நம் மாவட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அட்டைக்கு வந்தேன். தப்பு இல்லைம்மா, அப்படித்தான் செய்ய வேண்டும், மேலே காற்று பத்தாமல் போனால் சட்டென்று நினைவு தப்பிவிடும், அம்மா மயங்கிவிட்டால் பிள்ளைக்கு யார் மாட்டுவது என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த விளக்கம்தான், டில்லியிலும் மும்பையிலும் அதைச் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள்.

"எனக்கு ஏங்க மயக்கம் வருது? காத்தால டீத்தண்ணியோட காட்டுக்குப் போனா பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் திங்காமத் தக்காளி பறிப்பன். ஒரு நாளும் வந்ததில்ல. எங்க வூட்ல எல்லாரும் தின்ன பொறவுதாங்க நானு. மீதி இருந்தாப் பாத்துக்குவன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னாள். கிளம்பும் நேரத்தில் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல ஒரு பெண் தன் பசியைச் சொல்கிறாள். அவளிடம் காற்றழுத்தத்தைப் பற்றி நான் என்ன பேசுவது? பதினைந்து வருஷமாகவோ இருபது வருஷமாகவோ ஊரும் வீடும் சேர்ந்து அவளுக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. அதை நான் ஒரு பெல்ட் மாட்டும் நேரத்தில் மாற்றிவிட முடியாது. ஆனால் மேலே போய் ஏதாவது ஆனால் இவள் நிச்சயமாகத் தன் மாஸ்க்கைத் தொடமாட்டாள். அதுவும் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முன்னால் இருந்து எல்லாம் தயாரா என்று சைகை வந்தது. பயணியிடம் வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது கம்பெனி விதி. இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்று கையைக் காட்டிவிட்டு யோசித்தேன். கேட்க மாட்டாத இவளிடமே மறுபடி மறுபடி சொல்வதா, வேறு வழி இருக்கிறதா? அந்தப் பக்கம் திரும்பினேன். சக்திவேல் கால் நீட்டி, கையைக் கட்டி, சுகமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்தது. விழப்போகும் மாஸ்க்கை இந்த விமானத்தில் முதல் ஆளாகப் பிடிக்கப் போகிறவர் இவர்தான். யார் எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தந்திருப்பேன்.

ஏனென்றால், முதலில் தனக்கு என்ற விதியை நம் ஊர் ஆண்களுக்கு எந்த விமானக் கம்பெனியும் சொல்லித் தர வேண்டியதில்லை. சோற்றிலும், கட்டிலிலும், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டிலும் அவர்கள் தினமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தம்பி, உங்ககிட்ட ஒரு வேலைங்க" என்றேன்.

"என்கிட்டயா?"

"மேலருந்து மாஸ்க் விழுந்தா நீங்க மாட்டிக்குவீங்க, அது எனக்குத் தெரியும். மாட்டிக்கிட்ட உடனே இந்தப் பக்கம் கை நீட்டி இவங்களுக்கு மாட்டணும். பொறவு பாப்பாவுக்கு."

"அவளுக்கென்னங்க, அவளே பாத்துக்குவா."

"பாத்துக்க மாட்டாங்க. அதனாலதான் உங்ககிட்டச் சொல்றன். எங்க, ஒரு வாட்டி சொல்லுங்க."

சுற்றி இருந்த தொப்பிகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. அவருக்கு வெட்கம். மொதல்ல எனக்கு என்றார், அது கணீர் என்று வந்தது. அடுத்தது இவளுக்கு, பொறவு பாப்பாவுக்கு என்பது முனகலாக வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். மாதேஸ்வரி, அவரு போயி எனக்கு மாட்டறதாமா என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி தலையை நீட்டி, சொன்னேன்ல மேடம், வேஸ்ட் ஆஃப் டைம் என்றார்.

சாப்பாடு முடிந்து, குப்பைப் பையோடு நான் நடைபாதையில் வந்துகொண்டிருந்தபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டன. உள்ளே திடீரென்று குளிர்ந்தது, மெல்லிய பனிபோல ஒன்று படர்ந்தது. அடுத்த கணம் தலைக்கு மேலே மூடிகள் திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் பொத்துப் பொத்தென்று விழுந்து தொங்கின. பதிவு செய்த குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேச ஆரம்பித்தது. விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது. காற்று இருக்கும் உயரத்துக்கு அவசரமாக இறக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு விழுகிறோம் என்றுதான் தெரியும். பின்பாதி முழுவதும் ஒரே கூச்சல், எல்லாச் சாமி பெயரும் வந்தது.

இந்த இடத்தில் நம் விதி என்ன என்று உங்களுக்குத் தெரியும். கைக்கு எட்டிய மாஸ்க்கை எடுத்து மாட்டு, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார், எழுந்திருக்காதே. எழுந்து உதவப் போனவள் நாலு அடி வைப்பதற்குள் நடைபாதையில் மயங்கிக் கிடப்பாள், பிறகு அவளையும் யாராவது தூக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பக்கம் ஒரு மாஸ்க் கூடுதலாக இருக்கும். எனக்கு எட்டியது அதிகாரியின் வரிசை, சக்திவேலுக்கு நேர் பின்னால். அதை இழுத்து மாட்டிக்கொண்டு அதிகாரியின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு இடம் இல்லை. அவரும் ஆட்சேபிக்கும் நிலையில் இல்லை. மாஸ்க்கைக் கீழே இழுத்தால்தான் காற்று வரும் என்று நான் ஆடிக் காட்டியபோது அவர் செல்ஃபி எடுத்தார் அல்லவா, இப்போது இழுக்காமல் வெறும் கோப்பைக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான்தான் குழாயைப் பிடித்து இழுத்து விட்டேன். ஃபார்மாலிட்டிக்குத்தான்.

சக்திவேல் நான் நினைத்ததற்கு மேலேயே இருந்தார். செய்முறையை ஒரு முறைகூடக் கண் திறந்து பார்க்காத மனுஷன், கண்ணிமைக்கும் நேரத்தில் மாஸ்க்கைப் பிடித்து, இழுத்து, மூக்கும் வாயும் மூட வைத்து, ரப்பரைத் தலைக்குப் பின்னால் போட்டு, கையால் அழுத்தியும் பிடித்துக்கொண்டார். நம் பயிற்சிப் புத்தகத்தில் படமாகப் போடலாம். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இந்தப் பக்கம் மாதேஸ்வரி மகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அலறியது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது, காலால் உதைத்தது. மாட்டியதைப் பிடுங்கியது. அவள் மறுபடி மாட்டினாள். அவளுடைய மாஸ்க் அவள் கன்னத்தில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. வழியில் தொங்கும் எதையோ விலக்குவதுபோல அதைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு மறுபடி பிள்ளையிடம் குனிந்தாள். கை வேகம் குறைந்தது. ரப்பரைப் பிடிக்கப் போன விரல்கள் ரப்பரைத் தேடின. பிறகு அவள் தலை மெதுவாகச் சாய்ந்தது. குழந்தையின் மாஸ்க் தாடையில் கிடந்தது. ஜன்னலோர இளைஞர் தன் மாஸ்க்கோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு எட்டுதான் தூரம், ஆனால் என் மாஸ்க்கின் குழாய் அவ்வளவு தூரம் வராது. உட்கார்ந்த இடத்தில் இருந்து எனக்கு எட்டியது சக்திவேலின் தோள் மட்டும்தான். ஓங்கி ஒரு அறை வைத்தேன். பயணியைத் தொடக்கூடாது என்றும் கம்பெனி விதி இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் விரலை அவள் பக்கம் நீட்டினேன்.

அவர் திரும்பினார். கிடக்கும் மனைவியைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. ஆனால் கை தடுமாறவில்லை. ஒரு கையால் தன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பை நடைபாதையின் குறுக்கே நீட்டி, அவளுடைய மாஸ்க்கை வெடுக்கென்று இழுத்து அவள் முகத்தில் வைத்து அமுக்கினார். அவள் தலை ஆடாமல் இருக்கத் தன் முழங்கையை முட்டுக் கொடுத்தார். பிறகு இன்னும் எட்டிப் பிள்ளையின் தாடையில் கிடந்ததை மூக்குக்கு ஏற்றினார். சொன்ன வரிசை மாறவில்லை. விமானம் கீழே வரும் வரை அப்படியே குறுக்கே பாலம் போட்டதுபோலக் கிடந்தார். தக்காளித் தொப்பி மட்டும் எங்கோ விழுந்துவிட்டது.

விமானம் நேரானது. மாஸ்க்கைக் கழற்றலாம் என்று விமானி சொன்னதும் ஆக்ஸிஜன் பாட்டிலோடு முதலில் அவளிடம்தான் போனேன். அதற்குள் கண் விழித்திருந்தாள். புள்ள எங்க என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளை அவள் சேலையைப் பிடித்து இழுத்தபடி, மாஸ்க்கில் தொங்கிய பையைக் காட்டி, எனக்கு அந்தப் பலூன் வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று மாதேஸ்வரி கேட்டாள். மயங்கிட்டீங்க என்றேன். நானா, எனக்கு மயக்கமா என்று அவள் நம்பவே இல்லை. சக்திவேல் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

விமானத்தை நாக்பூரில் இறக்கினார்கள். அங்கே பயணிகள் கூடத்தில் அதிகாரி எல்லாரையும் நிற்க வைத்து வீடியோ எடுத்தார். ஏறும்போதே இவர்களுக்கெல்லாம் முறையாகச் சொல்லிக் கொடுத்திருந்ததால்தான் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். சொல்லிக் கொடுத்தது யார் என்று சொல்லவில்லை, சும்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பின்னால் எங்கள் அலுவலகம் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. கிளம்புவதை ஒரு நிமிடம் தாமதப்படுத்தியது, வாசிக்கச் சொன்ன வாசகத்தை விட்டுச் சொந்தமாகப் பேசியது, பயணியை அடித்தது. மூன்றும் உண்மை. இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று சொன்னேன். ஓய்வு பெற அதிக நாள் இல்லை என்பதால் அதைச் சொல்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

அந்த விசாரணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மாஸ்க்கை முதலில் நீங்கள் அணியுங்கள், பிறகு மற்றவர்களுக்கு உதவுங்கள் என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். நம் ஊரில் அந்த வாக்கியத்தை வெட்டிப் பங்கு பிரித்துவிட்டார்கள். முதல் பாதி ஆண்களுக்கு, பின்பாதி பெண்களுக்கு. அவர் முதல் பாதியோடு கண்ணை மூடிக்கொள்வார், அவள் முதல் பாதியை அச்சுப்பிழை என்பாள். நீங்கள் நடுப்பாதையில் நிற்கும்போது எதிரே இருப்பவர் எந்தப் பாதிக்காரர் என்று பாருங்கள். பெருந்தன்மையான ஆளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிற ஆளைப் பிடித்து, அவர் கையில் அடுத்த வேலையைக் கொடுங்கள். அவர் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, விழித்திருந்தால் போதும்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது அந்த நாக்பூர்க் கூடத்தில் நடந்ததைத்தான். மாற்று விமானம் வரும் வரை எல்லாருக்கும் வெஜ் பஃப்ஸும் ஜூஸும் கொடுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். சக்திவேல் ஒரு பஃப்ஸை வாங்கி அங்கேயே கடித்தார். மாதேஸ்வரி தூங்கிவிட்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. உயிர் போய்த் திரும்பி வந்த பிறகும் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு ஆச்சுங்களா தம்பி?"

"ஆச்சுங்க" என்றார், மென்றுகொண்டே.

"அடுத்தது?"

அவர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார், சுவரோரம் பார்த்தார். தோளைத் தடவிக்கொண்டார், நான் அறைந்த தோள். திரும்பி மேசைக்குப் போய் இன்னும் இரண்டு பஃப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து மனைவியின் கையில் வைத்தார். அவள் வாங்கிய வேகத்தில், பழக்கம் விடவில்லை, ஒன்றைப் பிய்த்துத் தூங்கும் மகளின் வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தின்னு மொதல்ல."

அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு ஒரு வாய் கடித்தாள். அவர் கையை விடாமல் பக்கத்திலேயே நின்றார். அதைச் சொன்னபோதும் சரி, அவள் தின்று முடிக்கும் வரையிலும் சரி, அவர் வாய் மெல்லுவதை நிறுத்தவே இல்லை.